கை படாத தாயம்

எங்கள் அம்மா தாயம் ஆடும்போது ஏமாற்றுவார். பெற்ற தாயைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து ஆடிவிட்டு வந்து கேட்கட்டும். காயை நகர்த்தும்போது அவர் வாய் ஒரு கணக்குச் சொல்லும், விரல் வேறொரு கணக்கில் போகும். வாய் "மூணு" என்னும்போது விரல் நாலாவது கட்டத்தில், பத்திரமாக மலையேறி உட்கார்ந்திருக்கும். தட்டிக்கேட்டால், "கண்ணாடியத் தொடச்சுப் போட்டுட்டுப் பாரு" என்பார். அவருக்கு வயது 78, கண்ணாடி கிடையாது. கண்ணாடி போட்டிருப்பவன் நான். அதனால் வழக்கு அங்கேயே தள்ளுபடி.

இந்த ஊழலை ஒழிக்கத்தான் போன மே மாதம் பெங்களூரிலிருந்து மதுரைக்கு என் மருமகன் வந்தான். தங்கை மகன், மென்பொருள் எழுதுகிறவன். மூன்றடுக்கு டிபன் கேரியர் கனத்தில் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து கூடத்தில் இறக்கினான். உள்ளே பேய் பங்களாவின் அறைகள் அட்டை அட்டையாக இருந்தன. கூடவே பிளாஸ்டிக் பூதங்கள், கைநிறையப் பகடைகள். ஆட்டத்தின் பெயர் வேண்டாம். அதைச் செய்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள்.

"இதுல ஏமாத்தவே முடியாது அம்மாச்சி. எல்லாத்தையும் ஆப் பாத்துக்கும்" என்றான்.

ஆப் எங்களைப் பார்த்துக்கொள்வதற்கு முன் நாங்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. டேப்லெட்டில் சார்ஜ் இல்லை. சார்ஜ் ஏறியதும் அப்டேட் கேட்டது. அப்டேட்டுக்கு வைஃபை வேண்டும். எங்கள் வீட்டு வைஃபை மாடிப்படியின் ஏழாவது படியில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். குடும்பமே கூடத்தில் வட்டமாகச் சம்மணம் போட்டுக் காத்திருக்க, டேப்லெட் மட்டும் ஏழாம் படியில் முக்கால் மணி நேரம் தவம் இருந்தது. அதற்குள் அம்மா கிரைண்டரில் மாவாட்டி வழித்து, வெற்றிலையும் போட்டு முடித்து, "உங்க வெளையாட்டுக்குப் பந்தக்கால் எப்படா நடுவீங்க?" என்று கேட்டுவிட்டார்.

ஒருவழியாகத் தொடங்கியதும் ஒரு வெள்ளைக்காரக் குரல் நடுங்க நடுங்கக் கதை சொன்னது. பின்னால் இடி இடித்தது. அட்டையை ஒருவரும் பார்க்கவில்லை. ஐந்து பேரும் திரையையே பார்த்தோம். எந்தக் கதவைத் திறக்கலாம், பூதம் எந்தப் பக்கம் நகரும், யாருக்கு எப்போது புத்தி பேதலிக்கும் என்பதெல்லாம் ஆப் உத்தரவு. சொன்ன பொம்மையைச் சொன்ன அறையில் கொண்டுபோய் வைப்பது மட்டும் எங்கள் வேலை. தாலுகா ஆபீஸில் கோப்பு தூக்குகிறவர்களுக்கு அதற்குச் சம்பளமாவது உண்டு.

"இது சீரியல்ல? நடுவுல அட்டை எதுக்கு?" என்றார் அம்மா.

அப்போதுதான் ஆப் ஒரு கேள்வி கேட்டது. பகடையை உருட்டுங்கள், எத்தனை வெற்றி விழுந்தது என்று பதியுங்கள். தங்கை வீட்டுக்காரர் உருட்டினார். ஒன்றுகூட விழவில்லை. மனிதர் முகத்தில் சலனமே இல்லாமல் "மூன்று" என்று தட்டினார். கதவு திறந்துகொண்டது. பங்களாவின் மூலை முடுக்கெல்லாம் அறிந்த அந்த மகா புத்திசாலிக்கு நாலு அங்குலம் தள்ளிக் கிடந்த பகடை தெரியவில்லை. மாப்பிள்ளை சொன்னதை அரிச்சந்திரன் வாக்காக எடுத்துக்கொண்டது. அன்றைக்கு முதன்முறையாக அம்மாவின் கண்ணில் ஆர்வம் தெரிந்தது.

"மாப்ள, அந்தப் பகடைய இப்படிக் குடுங்க."

மேசை விளையாட்டுக்குள் இயந்திரம் புகுந்தது நேற்று நடந்த கதை இல்லை. அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் 1981இலேயே 'டார்க் டவர்' என்று ஓர் ஆட்டம் விட்டது. வட்டப் பலகை, நடுவில் பேட்டரியில் ஓடும் கருங்கோபுரம். கொள்ளையர் எத்தனை பேர், கொள்ளைநோய் யாருக்கு என்றெல்லாம் விளக்கெரித்தும் ஒலியெழுப்பியும் கோபுரமே சொல்லும். அதன் டி.வி. விளம்பரத்தில் வந்தவர் ஆர்சன் வெல்ஸ். 'சிட்டிசன் கேன்' எடுத்த கைக்கு என்ன கஷ்டமோ. 2022இல் அதே கோபுரம் புளூடூத்தோடு மறுபிறவி எடுத்திருக்கிறது; இந்தப் பிறவியில் போன் துணை இல்லாமல் அது வாய் திறக்காது.

மோனோபோலி கதை இதைவிட ருசி. நம் வீடுகளில் அதன் பங்காளிக்கு 'பிசினஸ்' என்று பெயர். எங்கள் வீட்டில் எப்போதும் தங்கைதான் பேங்க். ஆட்டம் முடியும்போது பேங்க் திவாலாகியிருக்கும், பேங்க் மேனேஜர் பாவாடை மடிப்பில் நோட்டு இருக்கும். உலகம் முழுக்க இதே கதிதான் போலிருக்கிறது. 2011இல் மோனோபோலிக்காரர்கள் பலகை நடுவில் ஒரு கோபுரத்தை நிறுத்தினார்கள். பகடைக்கும் காகித நோட்டுக்கும் அதில் வேலை இல்லை, கணக்கெல்லாம் கோபுரத்துக்கு. யார் காய் எங்கே நிற்கிறது என்பதை அகச்சிவப்புக் கண்ணால் கவனித்துக்கொண்டே இருக்கும். பேங்க் ஒழுங்கானது. என்ன ஆயிற்று? 2018இல் அதே மோனோபோலிக்காரர்கள் 'ஏமாற்றுவோர் பதிப்பு' என்று ஒன்றை வெளியிட்டார்கள். பேங்கில் கைவைக்கலாம், அடுத்தவர் காயை நகர்த்தலாம். மாட்டிக்கொண்டால் தண்டனை, அதற்கு ஒரு பிளாஸ்டிக் கைவிலங்கும் பெட்டிக்குள்ளேயே உண்டு. ஏழே வருஷத்தில் கம்பெனி எங்கள் அம்மா பக்கம் வந்து சேர்ந்துவிட்டது.

மருமகன் சும்மா விடுவதாக இல்லை. இரண்டே நாளில் தானே ஒரு தாய ஆப் எழுதிவிட்டான். திரையில் இரண்டு பித்தளைக் கட்டைகள். உரசும் சத்தம்கூட உண்டு. அம்மாவின் கட்டையிலிருந்தே பதிவு செய்தது. தொட்டால் உருளும். அம்மா தொட்டார், மூன்று. தொட்டார், நான்கு. இருபது தடவை தொட்டும் தாயம் விழவில்லை. தாயம் விழாமல் காய் இறக்க முடியாது என்பதால் அவர் காயெல்லாம் திண்ணைக்கு வெளியே நின்றன. நான் இறங்கி, சுற்றிவந்து, ஒரு பழமே எடுத்துவிட்டேன். வாழ்நாளில் அவரிடம் நான் முன்னால் போனது அன்றைக்குத்தான். சந்தோஷமாகவே இல்லை.

மருமகன் காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினான். கட்டைக்கு நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். ஒன்றில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். அது 16இல் 2. அதாவது எட்டுக்கு ஒன்று. இருபது வீச்சிலும் அது வராமல் போக நூற்றுக்கு ஏழு வாய்ப்பு.

"நடக்கிறதுதான் அம்மாச்சி."

"ஒன் போனுக்கு நடக்கும். கை படாத கட்டையில என்னடா தாயம்?"

கோபம் வந்துவிட்டால் அவன் விஞ்ஞானி. நிஜக் கட்டையை 100 தடவை போடச் சொல்லி, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டான். கணக்குப்படி பன்னிரண்டு, பதின்மூன்று தாயம் விழ வேண்டும். விழுந்தது 22. அதை வேறு ஸ்லோமோஷனில் படம் பிடித்திருந்தான். போட்டுப் பார்த்தால், ஒரு கட்டை நியாயமாக உருள்கிறது. இன்னொன்று உருளவே இல்லை. வெறுமை முகம் மேலே இருக்க, வழுக்கிக்கொண்டே போய் நிற்கிறது. ஒரு கட்டையில் வெறுமை நிச்சயம் என்றால் தாயம் எட்டுக்கு ஒன்றிலிருந்து நாலுக்கு ஒன்றாகிவிடும் என்று அவன் விளக்கினான். நாற்பது வருஷமாக நான் விரலை மட்டும் கண்காணித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அது கைப்பழக்கம்" என்று அம்மா முடித்துவிட்டார்.

இயந்திரமே ஆகாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஒருநாள் போயிருந்தேன். மின்னணுப் பலகைகள். பார்த்தால் சாதாரணச் செஸ் பலகைதான். ஒவ்வொரு காயின் அடியிலும் ஒரு சின்னக் கம்பிச்சுருள். ராஜாவுக்கு ஓர் அலைவரிசை, குதிரைக்கு வேறொன்று. எது எங்கே நிற்கிறது என்று பலகை உணர்ந்து அனுப்பும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் நடுவிலுள்ள வெள்ளைக் கட்டங்களில் வைத்தால் வெள்ளை ஜெயித்ததாகப் பலகை புரிந்துகொள்ளும். கறுப்புக் கட்டங்களில் வைத்தால் கறுப்பு. ஆடுகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடி இல்லை, அப்டேட் இல்லை, நடுங்கும் குரல் இல்லை. குகேஷ் வரிசையாக எட்டு ஆட்டம் ஜெயித்தபோதும் பலகை ஒரு வார்த்தை பேசவில்லை. சம்பந்தி வீட்டில் சாப்பிட வந்தவர் மாதிரி அடக்கம். அப்படி இருக்கிற இயந்திரத்துக்கு எங்கள் கூடத்தில் எப்போதும் ஒரு பாய் உண்டு.

மருமகன் ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் ராத்திரி கடைசி ஆட்டம். அவனுக்கு ஒரு காய்தான் பாக்கி. அம்மாவுக்கும் ஒன்றுதான், பழமாக ஒரே ஒரு கட்டம் வேண்டும், அதாவது தாயம் விழ வேண்டும். சரியாக அவர் போடும்போது கரண்ட் போய்விட்டது. ஒரு கட்டை கோலத்தின் மேலேயே விழுந்தது. இன்னொன்று ஓடிப்போன சத்தம் பீரோ அடியில் போய் நின்றது. மருமகன் தன் போனில் டார்ச் அடித்தான். கோலத்தில் கிடந்தது வெறுமை. பீரோ பக்கம் வெளிச்சத்தைத் திருப்புவதற்குள், காலையில் எழுந்திரிக்கவே "அப்பா முருகா" என்று முனகுகிற அம்மா அவன் கையிலிருந்து போனை வாங்கி, குப்புறப் படுத்து, பீரோ அடியில் கையை விட்டார்.

"ஒண்ணு. தாயம்."

கட்டை அவர் கையோடு வெளியே வந்தது. அது எந்த முகத்தில் கிடந்தது என்று வேறு யாரும் பார்க்கவில்லை.