பாட்டி முடிச்சு

எங்கள் வீட்டில் துணி உலர்த்தும் கொடியைக் கட்டுகிற உரிமை எனக்குக் கிடையாது. மின்விசிறி துடைக்கலாம், தண்ணீர் கேனை உருட்டி உள்ளே வைக்கலாம், ரேஷன் கடை வரிசையில் நிற்கலாம். கயிற்றைத் தொட்டால் மட்டும், சமையலறைக்குள் இருந்தாலும் மனைவிக்கு மூக்கில் வியர்த்துவிடும். "அதை வச்சுட்டு நகருங்க, நான் வரேன்."

இத்தனைக்கும் கும்பகோணத்தில் அப்பன், மகன், பேரன் என்று வரிசையாகப் பையன்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்த மனிதரின் சொந்த அண்ணன் மகன் நான். அப்பாவுக்கு வடக்கே எங்கோ ரயில்வே வேலை. என்னைப் படிக்கவைக்கும் பாரம் சித்தப்பா தலையில் விழுந்தது. அவர் சோற்றைத் தின்று, அவர் வீட்டுத் திண்ணையில் புரண்டு வளர்ந்தவன்.

சித்தப்பா சம்பளத்துக்கு ஓவிய ஆசிரியர். ஆசைக்குச் சாரண ஆசிரியர். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அரைக்கால் டவுசரும் ஸ்கார்ஃபும் விசிலுமாகத் தெருவில் இறங்குவார். சித்தி வாசல் கதவைச் சாத்திக்கொள்வாள். பெண் பார்க்க வருகிறவர்கள் யாராவது இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டால் தன் மகளுக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள் என்பது அவள் கவலை. மகளுக்கு அப்போது வயது ஐந்தோ ஆறோ.

அவர் கழுத்தில் தோல் கயிற்றில் கோத்த இரண்டு சின்ன மரமணிகள் தொங்கும். பாட்டி அதை மந்திரித்த மணி என்று கடைசிவரை நம்பினாள். சித்தப்பா பொறுமையாக விளக்குவார்: "இல்லம்மா, இது ஹிமாலயன் உட் பேட்ஜ். சாரண ஆசிரியர் பயிற்சி முடிச்சா தர்றது. 1919-ல இங்கிலாந்துல கில்வெல் பார்க்குல முதல் பயிற்சி நடந்தது. அப்ப தர்றதுக்கு வேற ஒண்ணும் இல்லைன்னு, பேடன் பவல் ஆப்பிரிக்காவுலேருந்து கொண்டுவந்திருந்த ஒரு ஜூலு ராஜாவோட மாலையிலேருந்து மணியை எடுத்துக் கொடுத்தார்." பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதைத்தான் நானும் சொல்றேன், மந்திரிச்சதுன்னு" என்பாள்.

முடிச்சுப் பாடம் திண்ணையில் நடக்கும். தேங்காய்நார்க் கயிறு ஒரு முழம், பையனுக்கு ஒன்று. ரீஃப் முடிச்சுக்குச் சூத்திரம் சுலபம்: முதலில் வலது நுனி இடதின் மேல், அடுத்தது இடது நுனி வலதின் மேல். தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்த பொடியன்கள்கூடத் தூரத்திலிருந்து கேட்டே கற்றுக்கொண்டார்கள். என் கைக்கு மட்டும் இரண்டாவது தடவையும் வலதுதான் மேலே வரும். பார்க்க அசல் ரீஃப் போலவே இருக்கும். சித்தப்பா, "இழு" என்பார். இழுப்பேன். ஒன்று, வழுக்கிக்கொண்டு அவிழும். இல்லையென்றால் இறுகிப்போய் அரிவாள்மணை வைத்து அறுக்கவேண்டியிருக்கும்.

"பாட்டி முடிச்சுடா தம்பி இது" என்பார் சித்தப்பா.

உள்ளேயிருந்து குரல் வரும்: "அவன் கட்டத் தெரியாம கட்டினதுக்கு என் பேரை எதுக்குடா இழுக்குறே?"

அவர் திட்டவே மாட்டார். என் கையிலிருந்து கயிற்றை வாங்கி, முறுக்கைத் தடவிச் சரிசெய்து, திரும்ப என் கையில் கொடுப்பார். அவ்வளவுதான். நாலு அறை வைத்திருந்தாலாவது, அடிக்குப் பயந்துதான் வரவில்லை என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அந்த வசதியையும் மனிதர் விட்டுவைக்கவில்லை.

ஒரே ஒரு முறை லேசாகச் சலித்துக்கொண்டார். வெள்ளைக்காரப் பையன்களுக்கென்று இருந்த சாரணர் படையில் இந்தியப் பையன்களுக்கு இடம் இல்லாத காலத்தில், 1917-ல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் நம் பையன்களுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கித் தலைப்பாகை கட்டிவிட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அதே வருஷம் அந்த அம்மாவை ஊட்டியில கொண்டுபோய்க் காவல்ல வச்சாங்க. அதே வருஷக் கடைசியில காங்கிரசுக்குத் தலைவராவும் ஆயிட்டாங்க. ஒரு வருஷத்துல இத்தனை! நீயும் ஒரு வருஷமா அந்த ஒரே கயித்தைத்தான் வச்சிருக்கே." சொன்ன மறு நிமிடம் மனது கேட்காமல் ராமன் கடைக்கு அழைத்துப்போய் ரவா தோசை வாங்கிக்கொடுத்தார். சலிப்புக்கு ஒரு தோசை என்றால் நித்தம் சலித்துக்கொள்ளட்டும் என்று எனக்குத் தோன்றியது.

பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான் என்று ராஷ்டிரபதி விருதுவரை இன்றைக்குப் படிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தப் பெயர் வைத்தாலும் நான் அடிப்படிதான். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லாம் ஏறிப்போய் வேலைக்கும் போய்விட்டார்கள். படையில் இன்னொரு வழக்கம் உண்டு. பேடன் பவல் சொன்ன யோசனைதான். காலையில் ஸ்கார்ஃப் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கு யாருக்காவது ஒரு நற்செயல் செய்த பிறகே அவிழ்க்கலாம். நானும் நற்செயல் செய்தேன். முடிச்சுதான் அவிழாது. ஊரில் என்னைப் பார்த்தவர்கள், இவ்வளவு பெரிய மனிதர் வீட்டுப் பையன் நாளெல்லாம் யாருக்கும் ஒரு துரும்பும் கிள்ளிப்போடுவதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

1980 மகாமகத்துக்கு எங்கள் படைக்குத் தொண்டு செய்யும் வாய்ப்பு கிடைத்தது. காணாமல்போன குழந்தைகளைப் பிடித்துப் பந்தலில் சேர்க்கும் வேலை. குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள், குளத்துக்குள் 20 தீர்த்தக் கிணறுகள். இதை வைத்து வழி கண்டுபிடிக்கச் சித்தப்பா வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தார். எனக்கு 16 மண்டபமும் ஒரே மண்டபமாகத் தெரிந்தது. மதியத்துக்கு மேல் ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு: "சாரணர் உடையில் ஒரு பையன்…" பந்தலில் என்னை ஒப்படைத்தது மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அவளும் காணாமல் போனவள்தான்.

சித்தப்பாவால் எனக்கு நடந்த ஒரே நல்ல காரியத்தைச் சொல்லவேண்டும். அது என் நிச்சயதார்த்தம். பெண் வீட்டிலும் ஒரு சாரணர் உண்டு என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். சாரணர்களுக்குள் கைகுலுக்குவது இடது கையால். மனிதர் பெண்ணின் பெரியப்பாதான் அந்தச் சாரணர் என்று தீர்மானித்து, தாம்பூலம் மாற்றப்போகும் நேரத்தில், சபை நடுவே, அவரிடம் இடது கையை நீட்டிவிட்டார். பெரியப்பா அரிசி மண்டி வைத்திருந்தவர். அவர் முகம் போன போக்கைப் பார்த்து என் அப்பா தாம்பூலத் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கேடயத்தை ஏந்துகிற இடது கையைக் காலியாக்கி நீட்டினால் அது நம்பிக்கைக்கு அடையாளம் என்று ஆப்பிரிக்க வீரர்கள் கதையைச் சித்தப்பா ஆரம்பிக்க, பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட, சமையல்காரர் பந்தி போடலாமா வேண்டாமா என்று வந்து எட்டிப்பார்த்தார்.

பெண் எழுந்தாள். மூன்று விரலை நெற்றிக்கு உயர்த்திச் சல்யூட் வைத்தாள். பட்டுப்புடவையோடு வந்து சித்தப்பாவின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நான்தான் மாமா அது. சாரணியர்ல இருந்தேன்."

அந்த நிமிடத்தோடு என் வாரிசுரிமை போயிற்று. கல்யாணமாகி முதல் தீபாவளிக்குள் அவளுக்கு எனக்குத் தெரியாத முடிச்சுகள் எல்லாம் தெரிந்திருந்தன. அதாவது எல்லா முடிச்சும். ஊருக்குப் போனால் மாமனாரும் மருமகளும் திண்ணையில் கயிறும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். நான் சித்திக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுப்பேன்.

சென்னைக்கு வந்து ஃப்ளாட் வாங்கியபோது என் சாரணர் அறிவைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. முள் கடிகாரத்தை வைத்துத் திசை காணும் முறை ஒன்று உண்டு. சின்ன முள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தால், அந்த முள்ளுக்கும் 12-க்கும் நடுவில் இருப்பது தெற்கு. குரோம்பேட்டையில் அந்த வீட்டைப் பார்க்கப் போனது ஒரு மே மாத உச்சிவேளை. புரோக்கர் யோக்கியமானவர், "சார், மறைக்கமாட்டேன், இது தெற்குப் பார்த்த வாசல், அதான் விலை கொஞ்சம் கம்மி" என்றார். நான் மொட்டைமாடிக்கு ஏறிக் கடிகாரத்தைப் பிடித்து, அது வடக்கு வாசல் என்று அவருக்கு ஐயம் திரிபற நிரூபித்தேன். கூட இருந்த வீட்டுக்காரர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் வடக்கு வாசலுக்கு உண்டான விலையைச் சொன்னார்.

சித்தப்பா புதுமனைப் புகுவிழாவுக்கு வந்து, வாசலில் நின்று, சூரியனைப் பார்த்து, என்னைப் பார்த்தார். "நம்ம ஊருக்கு சித்திரை நடுவுலேருந்து ஆடி முடியிற வரைக்கும் சூரியன் தலைக்கு வடக்கால போகும். உச்சிவேளையில அந்த முறை அப்படியே தலைகீழாயிடும்னு சொல்லியிருந்தேனே" என்றார். சொல்லியிருப்பார். அந்தப் பாதியில் நான் தூங்கியிருப்பேன். "பரவாயில்லடா, தென்றல் வரும்" என்று முடித்துவிட்டார். வருகிறது. அந்த விலைக்கு அது வந்துதான் ஆகவேண்டும்.

பிப்ரவரி 22 பேடன் பவலுக்குப் பிறந்தநாள். அவர் மனைவிக்கும் அதே நாள். உலகச் சாரணியருக்கு அது சிந்தனை நாள். சித்தி வருஷா வருஷம் கேட்பாள்: "எங்கேயோ இருந்த தம்பதிக்குப் பிறந்தநாள் ஞாபகம் இருக்கு. நம்ம கல்யாண நாள் என்னைக்கு?" சித்தப்பா விசிலைத் தேடப் போய்விடுவார். 2016 மகாமகத் தீர்த்தவாரி சரியாக அந்த பிப்ரவரி 22-ல் வந்து விழுந்தது. ஓய்வுபெற்று எத்தனையோ காலமாகியும் அதே அரைக்கால் டவுசரில் குளக்கரைக்குப் போய் நின்றார். கூட்டம் ஒழுங்குபடுத்திய காவல் அதிகாரி அவரைக் கண்டதும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். எங்கள் படையின் பருந்து அணிக்கு ஒரு காலத்தில் தலைவனாக இருந்தவர் அவர். நானும் போயிருந்தேன். கைக்குழந்தைக்காரர்களுக்கும் முதியவர்களுக்கும் போட்டிருந்த பந்தலில் என்னை உட்காரவைத்துவிட்டு, மனைவி அவருக்கு உதவப் போனாள்.

மார்கழி விடியற்காலை ஒன்றில் தூக்கத்திலேயே போய்விட்டார். நாங்கள் சென்னையிலிருந்து போய் இறங்கியபோது, வீட்டில் செய்வதற்கு எனக்கு எதுவும் மிச்சமில்லை. விசில் சத்தத்துக்கு நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது, வண்டிகள் ஓரம் கட்டப்பட்டன. அவருடைய பழைய மாணவர்களில் மின்வாரியத்தில் இருப்பவன் விளக்குப் போட்டிருந்தான், வக்கீலாக இருப்பவர் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார். பாடை கட்ட வந்த பெரியவர் மட்டும் கோபமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். மூங்கிலை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்களாம். பச்சை மூங்கில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, ஒவ்வொரு சேர்க்கையிலும் சதுரக்கட்டு: க்ளோவ் ஹிட்ச்சில் தொடங்கி, மூன்று சுற்று, நடுவில் இறுக்கி இரண்டு சுற்று, மறுபடி க்ளோவ் ஹிட்ச்சில் முடிப்பு. தலைநரைத்த ஆட்கள் முழங்காலிட்டு, பரீட்சை எழுதுகிற முகத்தோடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கடைசியில் வந்து ஒரு கட்டை ஆட்டிப்பார்த்தார். "இது கங்கைக்குப் போற வரைக்கும் தாங்குமே, காவிரிக்கு எதுக்கு?" என்றார்.

சொந்தம் என்பதால் எனக்கும் ஒரு முனையைக் கொடுத்தார்கள். கட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பியதும் வக்கீல் குனிந்து அதை அவிழ்த்து, கயிற்றின் முறுக்கைத் தடவிச் சரிசெய்தார். பிறகு தானே கட்டாமல், என் தோளைத் தொட்டுக் கயிற்றை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கண்ணும் தெரியாமல் கட்டிய முடிச்சை அவர் மறுபடி அவிழ்க்கவேண்டியதாயிற்று.

அந்த நேரம் வாசலில் ஒரு கூச்சல். தெரு முழுக்க மார்கழிக் கோலம். எங்கள் வாசலில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு வட்டம், நடுவில் ஒற்றைப் புள்ளி. சித்தியின் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "சாவு விழுந்த வீட்டு வாசல்ல கோலம் போட்டது யாரு? அதுவும் ஒத்தைப் புள்ளியில? புள்ளிக்குப் பஞ்சமா?" மின்வாரியத்துக்காரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். காட்டில் தடம் சொல்லும் சாரணர் குறிகளில் கடைசி அது. வீட்டுக்குப் போய்விட்டேன் என்று அர்த்தம். கென்யாவில் நியேரி என்ற ஊரில், 1941-ல் இறந்த பேடன் பவலின் கல்லறைமேலும் அதைத்தான் செதுக்கியிருக்கிறார்கள். சித்தி அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள் எட்டிப்பார்த்தாள். "இருக்கட்டும் அக்கா. கல்யாண நாளைத்தான் மறந்தார், வீட்டையாவது ஞாபகம் வச்சிருக்காரே" என்றாள்.

இப்போது வருஷா வருஷம் அவர் பெயரில் காவிரிக்கரைத் தென்னந்தோப்பில் பழைய மாணவர்கள் பையன்களுக்கு முகாம் நடத்துகிறார்கள். மனைவி முடிச்சுத் தேர்வுக்கு நடுவர். என்னை ரத்த சம்பந்தம் என்பதற்காக அழைக்கிறார்கள். போன முறை, தலைமை விருந்தினர் தன் கூடாரத்தைத் தானே அடித்துக்கொண்டால் பையன்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்று வக்கீல் யோசனை சொன்னார். அடித்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அது என்மேல் படுத்துவிட்டது. துணிக்குள் நான் வழி தேடிக்கொண்டிருக்க, வெளியே ஒரு பொடியன் குரல்.

"அங்கிள், நான் ஹெல்ப் பண்ணலாமா? இன்னைக்கு நற்செயல் இன்னும் பண்ணலை."

நாலு கயிறும் நிமிஷத்தில் விறைப்பாக நின்றன. பையன் என் முன்னாலேயே ஸ்கார்ஃப் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு, இடது கையால் என் கையைக் குலுக்கிவிட்டு ஓடினான்.

மறுநாள் விடியற்காலை கூடாரத்தைத் திறந்தால், வெளியே பத்துப் பதினைந்து பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். எல்லார் ஸ்கார்ஃபிலும் முடிச்சு இருந்தது.