ஃபிட்டர் பெரியவர்

கோலார் தங்க வயலில் இப்போது தங்கம் எடுப்பதில்லை என்பது உலகமறிந்த விஷயம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதியோடு பாரத் கோல்டு மைன்ஸ் கம்பெனி தன் கதவைச் சாத்திக்கொண்டது. ஆனால், சுரங்கத்தை மூட உத்தரவு போட்ட கனவான்கள், அதன் யந்திரங்களோடு பல வருஷ காலம் சம்சாரம் நடத்திவிட்டு மேலே ஏறி வந்த ஃபிட்டர்களின் கைகளைக் கட்டிப்போட ஓர் உத்தரவு போடத் தவறிவிட்டார்கள் என்பதும், அதன் பலனை இன்றளவும் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் முதலிய இடங்களிலுள்ள மிக்ஸிகளும் மின்விசிறிகளும் தண்ணீர்க் குழாய்களும், அவற்றை நம்பிக் குடித்தனம் நடத்தும் கிருகலட்சுமிகளும் அனுபவித்து வருகிறார்கள் என்பதும் வெளியூராருக்கு அவ்வளவாகத் தெரியாது. தங்க வயல் சினிமாவைப் பார்த்துவிட்டு வந்து, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின்மேல் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிற இளைஞர்கள், அந்த மேட்டின் அடிவாரத்தில் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓர் இஸ்திரிப் பெட்டியின் வயிற்றைக் கிழித்துக்கொண்டிருக்கும் பெரியவரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. நஷ்டம் அவர்களுக்குத்தான்.

தெருவுக்கு ஒருவராவது இத்தகையவர் இங்கே உண்டு. ஆகையால் நான் வர்ணிக்கப்போகிறவர் தாமே என்று எண்ணி யாரும் கோபித்துக்கொண்டு ஸ்பானரும் கையுமாக என் வீட்டு வாசலுக்கு வந்துவிடக் கூடாது. பல பெரியவர்களைப் பிரித்து, மண்ணெண்ணெயில் அலசித் துடைத்து, தேய்ந்த பாகங்களை ஒதுக்கிவிட்டு நல்ல பாகங்களை மட்டும் ஒன்றாகப் பூட்டி எடுத்த ஒரே பெரியவர் இவர். இந்த முறையையும் அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

ஃபிட்டர் பெரியவரின் வேதாந்தம் மிகச் சுருக்கமானது. பிரபஞ்சத்தில் எந்த வஸ்துவும் கெட்டுப்போவதில்லை. அதற்கு ஒரு வாஷர் மட்டும் குறைகிறது. இந்தச் சித்தாந்தத்தில் அவருக்குள்ள பரிபூரண விசுவாசத்தினால், நீங்கள் கொண்டுபோகும் சாமானுக்கு என்ன கோளாறு என்று அவர் ஒருபோதும் கேட்பதில்லை. யந்திரத்தை ஓடவிட்டு, நீண்ட திருப்புளியின் முனையை அதன் உடம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிச் சற்று நேரம் கேட்பார்; பிறகு, "ஒண்ணும் இல்லப்பா, சின்ன வேலைதான்" என்பார். இந்த வாக்கியத்தின் உள்ளர்த்தம் அவருடைய சம்சாரத்துக்கு நன்றாகத் தெரியும். 'சின்ன வேலை' என்றால் இரண்டு நாள். 'அரை மணி வேலை' என்றால் ஒரு வாரம். 'கை வைத்தால் முடிந்தது' என்று அவர் சொல்லிவிட்டால், அந்த அம்மாள் பேசாமல் அடுப்படிக்குப் போய், அம்மிக்கல்லைக் கழுவி வைத்துவிடுவார்.

வேலை தொடங்கும் விதத்தில் குற்றம் சொல்ல இடமில்லை. பழைய தினத்தந்தி ஒன்றைத் தரையில் விரித்து, கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கிக்கொண்டு போவார். மாட்டும்போது வலமிருந்து இடமாக வந்தால் போதும் என்பது சாஸ்திரம். ஆனால் சாஸ்திரத்தில் பேரப்பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை. பேரிங் குண்டுகள் கோலி விளையாடப் போய்விடும். ஸ்பிரிங் ஒன்று தானாகவே துள்ளிக் கட்டிலுக்கடியில் சரண் புகும். கடைசியில் சாமான் பூட்டி முடிந்தபின்பும் கையில் இரண்டு ஸ்க்ரூ மிஞ்சியிருப்பதை யாராவது சுட்டிக்காட்டினால், பெரியவர் கொஞ்சமும் கலங்கமாட்டார். "கம்பெனிக்காரன் பயந்துகிட்டு ரெண்டு எக்ஸ்ட்ரா போட்டுக்கிறான்" என்று சொல்லி அவற்றை டப்பாவில் போட்டு மூடுவார்.

அவருடைய ஆயுதசாலையைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அவர் வாழ்க்கையின் சோக ரசம் முழுவதும் அந்தத் தகரப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதே கம்பெனியில் ஃபிட்டராக இருந்த தகப்பனாரிடமிருந்து வந்த ஸ்பானர்கள் அதில் கிடக்கின்றன. அவை விட்வொர்த் அளவைச் சேர்ந்தவை. ஊருக்கு ஒரு மரை, பட்டறைக்கு ஒரு மரை என்று திருகாணிகள் இஷ்டம்போல் அலைந்துகொண்டிருந்த காலத்தில், ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் 1841இல் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு மரையை வகுத்தார். அதன் கோணம் 55 பாகை. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880இல் இந்த வயலில் காலூன்றியபின் சீமையிலிருந்து வந்து இறங்கிய யந்திரங்களோடு இந்த மரையும் இங்கே வந்து இறங்கி, மூன்று தலைமுறை ஃபிட்டர்களின் விரல் நுனியில் குடியேறிவிட்டது. இன்றைய வண்டிகளிலும் மோட்டார்களிலும் இருப்பதோ மெட்ரிக் மரை. அதன் கோணம் 60 பாகை.

1956ஆம் வருஷம் இரண்டு காரியங்கள் நடந்தன. மைசூர் சர்க்கார் தங்கச் சுரங்கங்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. இந்திய சர்க்கார் மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் செய்தது. இவ்விரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இருப்பதாக எந்தச் சரித்திராசிரியரும் எழுதியதில்லை. பெரியவருக்கு மட்டும் சந்தேகமே இல்லை. அப்போது அவர் அரை டிராயர் போட்ட சிறுவர்தான். ஆனாலும் ஊரின் அதோகதி அந்த வருஷத்தில்தான் ஆரம்பித்தது என்றும், அதற்கு மூலகாரணம் மரை மாறியதுதான் என்றும் தீர்மானமாகச் சொல்லுவார். "அஞ்சு டிகிரிப்பா! வெறும் அஞ்சு டிகிரி! அதுலதான் எல்லாம் கோணலாப் போச்சு." சரி, புது ஸ்பானர் செட் ஒன்று வாங்கிக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். தகப்பனாரை மாற்றிக்கொள்ளச் சொன்னால் ஒரு மனிதர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்ப்பார். ஸ்பானருக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் உடைந்த ஆக்ஸா பிளேடுத் துண்டு ஒன்றைச் செருகித் திருகுவதே அவர் கண்டுபிடித்த சமரசம். இரண்டு மூன்று முறை இவ்வாறு சமரசம் ஆனபின் நட்டின் ஆறு முனைகளும் தேய்ந்து அது பூரண வட்டமாகிவிடும். அதற்குமேல் உளியும் சுத்தியும் பேசவேண்டியதுதான்.

அவருடைய வாகனம் யெஸ்டி. மைசூரிலிருந்த ஐடியல் ஜாவா தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஜாவா என்ற பெயராலும், பிற்பாடு யெஸ்டி என்ற பெயராலும் வெளிவந்த அந்த மோட்டார் சைக்கிள்களின் புகழ் தென்னாட்டில் ஒரு காலத்தில் வெகு பிரசித்தம். தொழிற்சாலை 1996இல் மூடப்பட்டது. ஆக, வண்டியைச் செய்த கம்பெனியும் இல்லை, வண்டிக்காரர் வேலை பார்த்த கம்பெனியும் இல்லை. இரண்டையும் கடந்து ஓடிக்கொண்டிருப்பது வண்டி ஒன்றுதான் — 'ஓடுதல்' என்ற பதத்துக்குச் சற்றுத் தாராளமாகப் பொருள் கொள்ளும் பட்சத்தில். யெஸ்டியின் விசேஷம், உதைத்துக் கிளப்புகிற கம்பியே கியர் போடுகிற கம்பியாகவும் இருப்பது. உதைக்கும்போது அதை உள்ளே அழுத்தி மேலே திருப்பவேண்டும். கிளம்பியதும் கீழே இறக்கினால் அதுவே கியர். ஒரே கம்பி இரண்டு உத்தியோகம் பார்ப்பதில் பெரியவருக்குள்ள பெருமிதத்துக்கு அளவில்லை. கம்பெனியில் தாமும் ஒரு சம்பளத்துக்கு இரண்டு உத்தியோகம் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வார்.

ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் வைத்திருக்கிற வண்டி அது. பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து குடிக்கிற டூ ஸ்ட்ரோக் ஜாதி ஆதலால், இரண்டு சைலன்சர்களுக்குள்ளும் கரி படியும். கரி எடுப்பதென்பது பெரியவர் வீட்டில் ஒரு பண்டிகை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைலன்சரின் உட்குழாயை உருவி, வெந்நீர் அடுப்பில் சொருகி, பிசுபிசுத்த கரி எரிந்து தீரும் மட்டும் காத்திருப்பார். அன்றைக்கு அந்த வீட்டில் எண்ணெய் ஸ்நானம் செய்தவர்கள் சீயக்காயும் பெட்ரோலும் கலந்த ஒரு பரிமளத்தோடு இரண்டு நாள் ஊரில் நடமாடுவார்கள். ஆடிக் காற்றில் சயனைடு மேட்டிலிருந்து பறக்கும் வெண்புழுதி கார்புரேட்டரில் புகுந்துவிட்டதாகச் சொல்லி, அந்த மாதம் முழுவதும் வண்டியைப் பிரித்தே வைத்திருப்பதும் வழக்கம். உதிரி பாகம் தேவையானால் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சிவாஜிநகரின் பழைய சாமான் சந்தையான குஜிரிக்குப் போவார். போன காரியத்துக்கான பாகம் தவிர மற்றெல்லாப் பாகங்களையும் மலிவாக வாங்கிக்கொண்டு மாலை ரயிலில் திரும்புவார். 2022இல் யெஸ்டி என்ற பெயரிலேயே புது வண்டி வந்திருக்கிறது, பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடுகிறது என்று ஒரு பையன் சொன்னபோது, பெரியவர் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "பொத்தானை அமுக்கினா கெளம்புதுன்னா, அப்புறம் மனுசனுக்கு இன்னாப்பா வேலை?"

மின்சார விஷயத்தில் அவரை யாரும் கேள்வி கேட்கமுடியாது. ஃப்யூஸ் போய் வீடு இருண்டதும் அம்மாள் முணுமுணுக்க ஆரம்பித்தால், அவர் சிவசமுத்திரத்திலிருந்து ஆரம்பிப்பார். காவிரியின் அந்த நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, 1902ஆம் வருஷத்திலேயே மின்சாரத்தைக் கொண்டுவந்து யந்திரம் ஓட்டிய ஊர் இது என்பதையும், பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததே 1905இல்தான் என்பதையும் அங்கம் அங்கமாக விவரிப்பார். இந்த மூன்று வருஷப் பெருமையை அவர் இருட்டில்தான் பேசுவது வழக்கம். விளக்கு எரியும்போது யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. பிறகு எழுந்து போய் ஃப்யூஸ் கட்டையில் கம்பி சுற்றுவார். அது அநேகமாக வேலிக் கம்பியின் கனத்தில் இருக்கும். அதன் பின் அந்த வீட்டில் ஃப்யூஸ் என்றும் போவதில்லை; போவது வேறு ஏதாவதுதான்.

தண்ணீர் மோட்டார் போடுவதற்கும் சுரங்கத்து மணிச் சமிக்ஞைதான். மாடித் தொட்டியருகில் நின்றுகொண்டு குழாயில் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போடு. அடுத்த வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடித்தபோதெல்லாம் மோட்டார் ஓடியதும் நின்றதும் வேறு கதை.

அந்த அடுத்த வீட்டுக்காரரோ பெமலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1964இல் தொடங்கி புல்டோசரும் மண்வாரி யந்திரமும் செய்கிற அந்தத் தொழிற்சாலையின் சம்பிரதாயமே வேறு: பாகம் தேய்ந்ததா, நம்பரைப் பார், புதிதை மாட்டு. நம் பெரியவர் மதத்தில் இது மகா பாபம். 'மாத்துறதுக்கு எதுக்குய்யா ஃபிட்டரு? மளிகைக்கடைக்காரன் போதுமே!' என்று இவரும், 'ஒட்டுப்போட்டு ஓட்டினா யாருக்குத்தான் தெரியாது?' என்று அவரும், இடையே வயிறு திறந்து கிடக்கிற ஒரு கிரைண்டரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு மாலை முழுதும் வாதம் செய்வார்கள். தீர்ப்பு வந்ததில்லை. கிரைண்டரும் அரைத்ததில்லை.

இதையெல்லாம் பார்த்து அலுத்துப்போன மகன், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிற ஆயிரக்கணக்கான தங்கவயல்காரர்களில் ஒருவன், ஒரு நாள் புத்தம் புது மிக்ஸி ஒன்றை வாங்கிவந்து தாயார் கையில் கொடுத்தான். "நைனா, ரெண்டு வருசம் வாரண்டி. சீலை உடைச்சா வாரண்டி போயிடும். கை வைக்காதே" என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டான். அன்றிரவே பெரியவர் அதைத் திறந்துவிட்டார். சாதாரணத் திருப்புளிக்கு மசியாத மூன்று முனை ஸ்க்ரூவைக்கூட, சைக்கிள் போக்ஸ் கம்பியை அரத்தில் தேய்த்து முனை செய்து கழற்றிவிட்டார். உள்ளே எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. பழுது ஒன்றுமே அகப்படாத அந்தத் துக்கத்தில் அவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

சிரிப்பதற்கு இடமிருக்கிறதுதான். ஆனால் இவர் வேலை பழகிய இடத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம்; அடியில் பாறையின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். சங்கு ஊதி ஷிப்டு இறங்குகிறவர்கள் ஒரு கயிற்றில் தொங்கும் கேஜுக்குள் நின்றுகொண்டு இறங்கினார்கள். அங்கே, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஃபிட்டர் சொல்ல முடியாது. யந்திரம் நின்றால் அதை ஓட்டியே ஆகவேண்டும். கையில் என்ன இருக்கிறதோ அதைக்கொண்டு, அப்போதே. அந்தப் பழக்கத்தோடு மேலே வந்தவரிடம், ஒரு டன் கல்லில் கிடைக்கிற தங்கம் குறைந்துவிட்டது, எடுக்கிற செலவு தங்கத்தின் விலையைவிட அதிகமாகிவிட்டது, அதனால் மூடுகிறோம் என்று கணக்குக் காட்டினார்கள். பெரியவருக்கு அந்தக் கணக்கு இன்றுவரை புரியவில்லை. அதே கணக்குப்படி பார்த்தால் அவருடைய யெஸ்டியை எப்போதோ எடைக்குப் போட்டிருக்கவேண்டுமே! எல்லாவற்றையும் மன்னித்தாலும், பம்புகளை நிறுத்தியதை மட்டும் அவர் மன்னிப்பதாக இல்லை. பம்பு நின்றபின் சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. நல்ல நிலைமையில் ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பம்பை மனிதன் தன் கையால் நிறுத்தலாமா என்று கேட்கும்போது மட்டும் அவர் குரலில் வழக்கமான கேலி இராது. ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார். அடுத்த நிமிஷமே யாராவது ஒழுகுகிற குக்கரைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்; மறுபடி எடுத்துக்கொள்வார்.

ஆகையால், தங்க வயலைப் பார்க்க வண்டியில் வருகிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியில் ஏதாவது வித்தியாசமான சத்தம் கேட்டால் லைன் வீட்டுத் தெருக்களில் அதை நிறுத்தி, குனிந்து, காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். வேண்டாமென்று நீங்கள் சொல்லுமுன்பே ஒரு பழைய தினத்தந்தி தரையில் விரிந்துவிடும். அவர் காசு வாங்கமாட்டார். டீயும் அவர் வீட்டிலிருந்தே வரும். ஆனால் பங்காருப்பேட்டைக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முன்னதாகவே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.