ஒரே அலை, பல கண்கள்

பத்துப் பேர் ஒரே கடற்கரையைப் படமெடுத்தால், பத்தும் பத்து விதமாக இருப்பது ஏன்? (ஒரு வாசகர், மைசூரு)

அலை ஒன்றுதான், அலைவரிசை வேறு! அகலக் கோண லென்ஸ் போட்டால் மெரினாவின் மணல் விரியும். டெலி லென்ஸ் போட்டால், தொலைவில் நிற்கும் கப்பல் சுண்டல்காரரின் தோளருகே வந்துவிடும்.

எங்கள் ஊரில் கடலே இல்லையே, எங்கே பழகுவது?

கடல்தான் மட்டம், மைசூரு அதைவிடச் சுமார் 760 மீட்டர் உசத்தி! ஞாயிறு மாலை அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் எரியும்போது, திரும்பி நின்று கூட்டத்தின் முகங்களை எடுங்கள். உங்கள் ஊரில் 1923-ல் பிறந்த டி.எஸ். சத்யன், சாதாரண மனிதர்களைத் தேடித் தேடி எடுத்துத்தான் பெரிய கலைஞரானார்.

ஒரு படம் ஒரு கடற்கரையையே மாற்றுமா?

இலங்கையின் வெலிகமவைக் கேளுங்கள். அங்கே கம்பத்தில் அமர்ந்து தூண்டில் போடும் மீனவர்களை 1995-ல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த படம் உலகெங்கும் புகழ்பெற்றது. இன்று அந்தக் கரையோரத்தில் பல தூண்டில்கள் காத்திருப்பது மீனுக்கல்ல, கேமராவுக்கு!

நல்ல கடற்கரைப் படத்தில் கடல் எவ்வளவு இருக்க வேண்டும்?

துளிகூட வேண்டாம். சுனாமிக்குப் பின் கடலூரில் அர்கோ தத்தா எடுத்த படத்தில் அலையே இல்லை. மணலில் விழுந்து அழும் ஒரு பெண், ஓரத்தில் இறந்த உறவினரின் கை. 2004-ன் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அதற்குத்தான். அந்தக் கண்ணீரும் உப்புதானே.