முக்கால் டேங்க் என்னும் ஆவணம்: ஜொகூர்ப் பயணத் தாள்கள் பற்றி ஒரு சிற்றாராய்ச்சி

அதிகாரி கேட்டால் காட்ட வேண்டியதும், காட்டத் தவறினால் தண்டம் அழ வேண்டியதும் எதுவோ அதுவே ஆவணம். இக்கட்டுரை இந்த வரையறையின்மேல்தான் நிற்கிறது. அது தாளாக இருக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை என்பதை வாசகர் மனத்தில் கொள்க, பின்னால் தேவைப்படும்.

சிங்கப்பூரிலிருந்து காரில் ஜொகூர் பாரு போகிறவரின் ஆவணங்கள் இருவகை. ஆளுக்குரியவை உயர்திணை, காருக்குரியவை அஃறிணை. கள ஆய்வுக்கு, சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில் இட்லி முடித்து ரேஸ் கோர்ஸ் சாலையில் கிளம்பும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். போகும் இடம் ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில். ஓட்டுபவர் சிங்கப்பூர்க் குடிமகன். மனைவி இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. பின்னிருக்கையில், மூன்று வாரத்துக்கு முன் தஞ்சாவூரிலிருந்து வந்த மாமியார்.

ஒரு கார், மூன்று சட்டம். மாப்பிள்ளைக்கு ஆறு மாதம் செல்லுபடியாகும் கடப்பிதழ் போதும். மனைவிக்கு அதோடு மலேசிய மின்னிலக்க வருகை அட்டையும் வேண்டும். போவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மறுநுழைவு அனுமதி காலாவதியாகியிருந்தால் நிரந்தரவாசத்துக்கே ஆபத்து என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பர் முதல் மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்குத் தந்திருப்பது ஓர் ஆறுதல். மாமியார் கதை தனி: போக மலேசிய அட்டை, திரும்ப சிங்கப்பூர் அட்டை, பலமுறை நுழைய இடம்தரும் சிங்கப்பூர் விசா. அத்தனையையும் ஜிப் வைத்த உறையில் போட்டு மஞ்சப்பைக்குள் செருகி மடியில் வைத்திருக்கிறார்.

"ஏன் மாப்பிள்ளை, சாமி பாக்கப் போறதுக்கு இவ்ளோ தாளா?"

"உங்களுக்காவது பரவாயில்ல அத்தை. காருக்குத்தான் நெறைய."

மாப்பிள்ளையின் கூற்று ஆய்வு நோக்கில் முற்றிலும் சரி. வரலாற்றைப் பாருங்கள்: இரு கரைகளையும் இணைக்கும் கடற்பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. கடப்பிதழ் கேட்கத் தொடங்கியது 1967-இல். இடைப்பட்ட காலத்தை இத்துறையில் இருண்ட காலம் என்றே சொல்ல வேண்டும். ஆராய எதுவும் இல்லை. உண்மையான திருப்பம் 2024. அந்த ஆண்டு மார்ச்சில் உட்லண்ட்ஸ், துவாஸ் சாவடிகளில் கார்ப் பயணிகளுக்குக் கியூஆர் குறியீடு வந்தது. கைப்பேசியில் ஒரு கட்டத்தைக் காட்டினால் பத்துப் பேர் வரை கடப்பிதழை நீட்டாமலே கடக்கலாம். அதே ஆண்டு அக்டோபரில் மலேசியா, வாகன நுழைவு அனுமதியில் கண்டிப்புக் காட்டத் தொடங்கியது. கட்டணம் பத்து ரிங்கிட், ஐந்தாண்டு செல்லும், காரில் ஒரு வில்லை ஒட்ட வேண்டும். முதலில் எச்சரித்தார்கள். 2025 ஜூலையிலிருந்து, இல்லாவிட்டால் 300 ரிங்கிட். ஆக, உயர்திணை தேயத் தேய அஃறிணை வளர்கிறது. போதாததற்கு ஒவ்வொரு நுழைவுக்கும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம், அதற்குப் பணம் ஏற்றிய டச் அண்ட் கோ அட்டை, மலேசியாவையும் உள்ளடக்கிய காப்புறுதி. எல்லையைக் கடப்பது கார்தான். நாம் அதன் இணைப்புகள்.

இனி தலைமை ஆவணத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் பதிவான கார் நாட்டைவிட்டு வெளியேறும்போது டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். 1989-இல் அரை டேங்க் என்று தொடங்கி 1991-இல் முக்கால் ஆனது. மலிவான மலேசிய எண்ணெய்க்காக மட்டும் கடப்பவர்களைத் தடுப்பது நோக்கம். மீறினால் 500 வெள்ளி வரை போகும். அதிகாரி குனிந்து பார்ப்பது பெட்ரோல் முள்ளை. எனவே நம் வரையறைப்படி முள் ஓர் ஆவணம். அதைத் திருத்துவதும் போலிக் கடப்பிதழ் போலவே தனிக் குற்றம் என்பது நம் கொள்கைக்கு வலுச்சேர்க்கிறது.

இந்த ஆவணத்துக்கு வேறெதற்கும் இல்லாத இயல்பு ஒன்று உண்டு: வரிசையில் நிற்கும்போதே காலாவதியாகும். நீண்ட வார இறுதிகளில் மணிக்கணக்காக ஊரும்போது, ஏசி ஓட ஓட, முள் சரிவதை ஓட்டுநர் பார்த்துக்கொண்டே இருப்பார். மாமியாருக்கு வேர்க்கிறது, ஏசியைக் குறைக்கச் சொல்ல மருமகனுக்கு வாய் வரவில்லை. கடலும் இரங்கலும் நெய்தலுக்கு உரியவை, காத்திருத்தல் முல்லைக்கு; கடற்பாலத்து நெரிசலைத் திணைமயக்கம் என்று கொள்வதே முறை.

அக்கரையில் விதி திரும்பிக்கொள்கிறது. மானிய விலை ரான் 95 பெட்ரோலை 2010 முதல் சிங்கப்பூர்க் காருக்கு விற்கக் கூடாது. ரான் 97 போடலாம். அதையும் கடைசிச் சொட்டுவரை நிரப்ப ஒருவர் ஜொகூர் பெட்ரோல் நிலையத்தில் காரைக் குலுக்கிய காணொளி 2022-இல் ஊரெல்லாம் பரவியது. அவரை இத்துறையின் பரிசோதனைப் பிரிவில் சேர்க்கலாம்.

மாற்றுக் கருத்தாளர்களும் இருக்கிறார்கள். சிராங்கூன் சாலையிலிருந்து பொடிநடையாகக் குவீன் ஸ்திரீட் போய் 170-ஆம் எண் பேருந்தில் ஏறினால் வில்லையும் வேண்டாம், முள்ளையும் பார்க்க வேண்டாம் என்பது அவர்கள் வாதம். அதற்கு மறுப்பு எழுத இன்னும் யாரும் முன்வரவில்லை.