தொண்டைக்கு ஓய்வு

40 வயதில் ரொன்சில் எடுத்தவருக்கு யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் முதல் மருந்து, "இது சின்னப்பிள்ளையளுக்கு வாற வருத்தமெல்லோ தம்பி?" என்ற விசாரிப்பு. சின்னப்பிள்ளை கெதியாய் எழும்பி ஓடிவிடும். வளர்ந்தவருக்கு நோவு 2 கிழமை வரை இழுக்கும். 5 முதல் 10 நாளுக்குள் வெள்ளைப் பொருக்குக் கழலும். அப்போது இரத்தம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வெட்டியது தொண்டையில், குத்துவது காதில்: இரண்டுக்கும் ஒரே நரம்பு. பார்க்க வந்தவர்களின் புத்திமதியும் அதே காதுக்குள்தான். ஆளால் வாய் திறக்க ஏலாது என்று தெரிந்ததும் மாமி, வேலிச் சண்டையை முதலிலிருந்து தொடங்குகிறார். நல்லூருக்குப் போய் ஐஸ்கிறீம் குடிக்க டொக்டர் விட்டிருக்கிறார். வீட்டில் ஒடியல் கூழ் கொதிக்கிறது, நண்டும் இறாலும் போட்டு. தூள் குறைச்சுத்தான் போட்டதாம்.