சித்தப்பா வேறு கட்சியா?

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விடிந்தால் சித்தப்பாவின் கட்சிப் பிரசாரம்தான். பதில் சொன்னால் சண்டை, சும்மா இருந்தால் மனசு கொதிக்கிறது. வெளியேறிவிடட்டுமா?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: வேண்டாம், இருங்கள். சொந்தபந்தமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது மடக்கினால் எந்தச் சித்தப்பாவும் ஒத்துக்கொள்ள மாட்டார். பொய்ச் செய்தி அனுப்பினால் மட்டும் விடாதீர்கள். சரியான தகவலைத் தனியாக அனுப்பி, "நீங்களே குழுவில் சொல்லிடுங்க சித்தப்பா" என்று கேளுங்கள். கருத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ராஜாஜியும் பெரியாரும் பல பத்தாண்டுகள் எதிரெதிர் மேடைகளில் நின்றவர்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது 93 வயதுப் பெரியார் மயானத்துக்கே வந்து அழுதார். அதற்காக அவர் தம் கொள்கையைக் கைவிட்டுவிடவில்லை.

கேள்வி: லட்சக்கணக்கான ஓட்டில் என் ஒரு ஓட்டு என்ன செய்துவிடும்?
(ஆட்டோ ஓட்டுநர், சேலம்)

பதில்: 2016-ல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. ஒரு டவுன் பஸ்ஸில் அடங்கிவிடும் கூட்டம்! 2021-ல் தியாகராய நகரில் 137. ராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008-ல் மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஒரு ஓட்டில்.

கேள்வி: ரெண்டு தரப்பும் ஓட்டுக்குப் பணம் தருகிறது. வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போட்டால் என்ன தப்பு?
(இல்லத்தரசி, திண்டுக்கல்)

பதில்: கொடுப்பதைப் போலவே வாங்குவதும் சட்டப்படி குற்றம். பணம் பாய்ந்ததால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 2019-ல் வேலூர்த் தேர்தல் ரத்தானது. கண்ணில் பட்டால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படம் எடுத்து அனுப்புங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா பயந்துபோய் வாங்கிவிட்டார் என்றால் அவரைத் திட்டாதீர்கள். கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாலும் அந்தப் பணத்துக்கு அவர் கடன்பட்டவர் இல்லை, யாருக்குப் போட்டார் என்று யாராலும் பார்க்க முடியாது என்று தைரியம் சொல்லுங்கள்.

கேள்வி: மேடைக்கு மேடை வெறுப்புப் பேச்சு. சாதியைச் சொல்லியே ஓட்டுக் கேட்கிறார்கள். ஏதாவது மாறும் என்று எதை வைத்து நம்புவது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது, ஐயா. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். கூடவே விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல். 1996-ல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் ஏற்கவில்லை. மனுப்போட ஆளில்லாமல் தேர்தல் நின்றது. நடந்தாலும் ஜெயித்தவர் ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார். 1997-ல், இதேபோல் தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட மேலவளவின் ஊராட்சித் தலைவர் முருகேசனைப் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். மனுத்தாக்கல் என்பது அன்று உயிரைப் பணயம் வைக்கும் காரியம். அப்படியும் தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் விடாமல் போராடினார்கள். பத்து வருடம்! 2006-ல் மதுரை ஆட்சியராக இருந்த உதயச்சந்திரன் அந்த ஊர்க்காரர்களிடம் பேசிப் பேசி வழி உண்டாக்கினார். அந்த அக்டோபரில் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்காகச் சென்னையில் சமத்துவப் பெருவிழா நடந்தது. 2021 காந்தி ஜெயந்தியன்று பாப்பாபட்டிக் கிராம சபையில் முதலமைச்சரே வந்து கலந்துகொண்டார்.

சாதி ஒழிந்துவிட்டதா? இல்லை. கொடியேற்ற விடாமல் தடுக்கப்படும் தலித் தலைவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதற்காக 2006 நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமா? பதவியில் நீடிக்க விடமாட்டார்கள் என்று தெரிந்தும் மனுப்போடத் துணிந்தவர்களைத்தான் நான் என் அரசியல் ஆசான்களாக நினைக்கிறேன். வெறுப்பைப் பேசுகிறவருக்கு மைக் இருக்கிறது. அதைக் கேட்டே நாம் ஊரை எடைபோட்டுவிடுகிறோம்.

கேள்வி: நான் ராப்பகலாக உழைத்த வேட்பாளர் போன முறை தோற்றார். இனி அரசியலே வேண்டாம் என்று தோன்றுகிறது.
(மளிகைக் கடைக்காரர், அறந்தாங்கி)

பதில்: 1962-ல் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார், 1967-ல் முதலமைச்சரானார். அதே 1967-ல் விருதுநகரில் காமராஜர் தோற்றார். 1969-ல் நாகர்கோவிலில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். கொஞ்ச நாள் கடையைப் பாருங்கள். பிறகு உங்கள் தெருச் சாக்கடைக்கான மனுவோடு ஜெயித்தவரின் அலுவலகத்துக்குப் போங்கள். அவர் உங்களுக்கும் எம்.எல்.ஏ.தான்.

கேள்வி: எனக்கு 17 வயது. ஓட்டும் இல்லை. நான் என்ன செய்ய முடியும்?
(பிளஸ் டூ மாணவர், தென்காசி)

பதில்: 17 முடிந்திருந்தால் படிவம் 6-ஐ இப்போதே கொடுத்துவைக்கலாம், 18 ஆனதும் சேர்த்துவிடுவார்கள். அதுவரை வீட்டில் எல்லோருடைய பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாகப் பாட்டியின் பெயர். 1951-52 முதல் பொதுத்தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டும் பதிந்த ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறாமலே போனார்கள். சந்தேகம் இருந்தால் 1950-க்குப் போன் செய்யுங்கள். பாட்டிக்கு 85 வயது தாண்டியிருந்தால் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். வாக்குச்சாவடி அலுவலர் வீட்டுக்கு வரும்போது நீங்களும் கூட இருங்கள்.