அசிஸ்ட் ஒன்று: 1962 ஹெர்ஷி ஆட்டக் கணக்கை முன்வைத்து ஒரு முன்னுரைக்கு முன்னுரை

1962 மார்ச் 2 அன்று, சாக்லேட்டுக்குப் பெயர்போன பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில், 4,124 பேர் முன்னிலையில், பிலடெல்பியா வாரியர்ஸ் அணி நியூயார்க் நிக்ஸை 169–147 என்று வென்றது. அந்தக் கூடைப்பந்து ஆட்டத்தில் வாரியர்ஸ் அணியின் வில்ட் சேம்பர்லைன் 100 புள்ளி எடுத்தார். அன்று முதல் எல்லாரும் அந்த 100-ஐயே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பெரிய எண் எவர் கண்ணுக்கும் படும்; சிறிய எண்ணைத் தேடிப் பிடிப்பவனே ஆய்வாளன் (காண்க: இக்கட்டுரை, இப்பத்தி). எனவே நாம் எடுத்துக்கொண்டிருப்பது அந்த ஆட்டத்தின் கணக்குப் பட்டியலின் ஓரத்தில் கிடக்கும் ஓர் ‘1’.

முதலில் மூலபாடம். ஆட்டத்தின் அசைபடம் கிடையாது. ஒலிப்பதிவாகக் கிடைப்பது கடைசிக் கால்பகுதியின் வானொலி வர்ணனை. மற்றதெல்லாம் தாள், தாளுக்கு உரியவர் ஹார்வி பொல்லாக். வாரியர்ஸ் அணியின் விளம்பரப் பொறுப்பும் கணக்கும் அவருடையவை. அன்றிரவு பிலடெல்பியா இன்குவயரர் நாளிதழுக்கும், ஏபி, யுபிஐ செய்தி நிறுவனங்களுக்கும் செய்தி எழுதியவரும் அவரே. ஆகவே சான்றுகள் அனைத்தும் ஒன்றோடொன்று வியக்கத்தக்க வகையில் ஒத்துப்போகின்றன. ஒருவர் தம்மையே நான்கு இடங்களில் மேற்கோள் காட்டிக்கொள்ளும் இம்முறை நம் துறைகளுக்கும் புதிதன்று. அதற்கு இங்கே பதவி உயர்வும் உண்டு.

அன்றிரவு எடுக்கப்பட்ட புகைப்படத்தில் சேம்பர்லைன் பிடித்திருக்கும் தாளில் ‘100’ என்று எழுதியதும் பொல்லாக்தான். ஒரு கோடு, இரண்டு வட்டம். பாடபேதம் இல்லை. பாடபேதம் இல்லாத சுவடியை வைத்துக்கொண்டு யாரும் பேராசிரியர் ஆனதில்லையாகையால் அதைக் கடந்து செல்கிறோம்.

இனி வகைப்பாடு. சேம்பர்லைனின் புள்ளிகள் கால்பகுதிவாரியாக 23, 18, 28, 31, கூட்டினால் 100. கூட்டிப் பார்த்துவிட்டோம்.

ரீபவுண்ட்: 25.

ஃப்ரீ த்ரோ: 32-க்கு 28. அந்த சீசன் முழுக்க நூற்றுக்கு அறுபத்தொன்று என்ற அளவில் போட்டுக்கொண்டிருந்தவர், இரு கைகளாலும் கீழிருந்து தூக்கிப் போடும் பாணியில் இதைச் சாதித்தார். இது அழகியல் துறையின் பாடு.

பிளாக், ஸ்டீல்: 1973–74 சீசனுக்கு முன், இந்த ஆட்டங்களை நடத்தும் லீக்கான என்பிஏ இவற்றை எண்ணவே இல்லை. எண்ணப்படாதது நிகழாதது. வருகைப் பதிவேடு எழுதிய எவருக்கும் இக்கோட்பாடு புரியும்.

ஆடிய நேரம்: 48 நிமிடம், அதாவது முழு ஆட்டம். நூறாவது புள்ளி விழுந்தபோது கடிகாரத்தில் 46 விநாடி மிச்சமிருந்தது; கூட்டம் களத்துக்குள் புகுந்துவிட்டது. அந்த 46 விநாடி பிறகு ஆடப்பட்டதா என்பதில் அங்கிருந்தவர்களின் நினைவுகளே முரண்படுகின்றன. ஆடப்படவில்லை என்று கொண்டால் 48 என்பதை 47 நிமிடம் 14 விநாடி எனத் திருத்திப் பதிப்பிக்க வேண்டும். இதற்கு ஒரு கருத்தரங்கும் மதிய உணவும் தேவை.

இப்போது அசிஸ்ட். கூடை விழுவதற்கு நேரே வழிசெய்த பாஸுக்குக் கிடைப்பது அசிஸ்ட். வழிசெய்ததா என்று தீர்மானிப்பவர் கணக்கெழுதுபவர். அந்தக் கடைசி நிமிடத்தில், 98-இல் நின்ற சேம்பர்லைனுக்குப் பந்தைக் கொடுத்தவர் ஜோ ருக்லிக், வழக்கமாகச் சேம்பர்லைனுக்கு மாற்றாகப் பெஞ்சில் இருப்பவர். பந்து கூடைக்குள் போனது. சனம் சேம்பர்லைனை நோக்கி ஓடியது. ருக்லிக் மட்டும் கணக்கு மேசையை நோக்கிப் போனார், தம்முடைய அசிஸ்ட் ஏறிவிட்டதா என்று பார்க்க. ஏறியிருந்தது. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே: புள்ளி 0, அசிஸ்ட் 1.

ஈண்டு நோக்கற்பாலது அந்த நடை. ‘பதிவின்றிப் பாஸ் இல்லை’ என்பர் ஒரு சாரார் (மேலது). ‘பாஸ் முன்னது, பதிவு பின்னது, முன்னதைப் பின்னது ஆக்காது’ என்பர் மறுசாரார் (மேலதற்கு மேலது). இரு சாராரும் இக்கட்டுரையாளரே எனினும் அவர்களிடையே பேச்சுவார்த்தை இல்லை. மேசைக்குப் போன வேளையில்தான் பாஸ் அசிஸ்டாக முதிர்ந்தது என்னும் சமரசக் கொள்கை வேறோரிடத்தில் விரித்துரைக்கப்படும் (கட்டுரையாளர் எழுதத் திட்டமிட்டிருக்கும் நூல், மூன்றாம் தொகுதி, முதற்பதிப்பு வராமலே திருத்தப்பட்ட இரண்டாம் பதிப்பு, பிற்சேர்க்கையின் அடிக்குறிப்பு, பக்க எண் அச்சகத்தின் கையில்). அத்தொகுதிக்கு அணிந்துரை தர இசைந்தவர் அதைப் படிக்க இசையவில்லை என்பதையும் பதிவு செய்கிறோம்.

அளவியல் நோக்கில் அந்த ஓர் அசிஸ்டின் விளைவு 2 புள்ளி, அதாவது நூற்றுக்கு இரண்டு. மேம்போக்கானவர்கள் இத்தோடு எழுந்துபோவார்கள். ஆனால் அந்த இரண்டைக் கழித்தால் மிஞ்சுவது 98. தொண்ணூற்றெட்டைத் தாளில் எழுதிப் படம் பிடிக்க யார் மெனக்கெடுவார்கள்? ஆகவே அந்த ஓர் அசிஸ்டின் மதிப்பு ஒரு தாள், ஒரு புகைப்படம், இக்கட்டுரை.

ஒப்பியல் நோக்கிலும் சிறிது சொல்லலாம். கூடைப்பந்தில் பந்தைக் கொடுத்தவனுக்கு அசிஸ்ட், போட்டவனுக்குப் புள்ளி. ஆய்வுலகில் மாணவன் போடுவான், புள்ளி வழிகாட்டிக்கு; மாணவனுக்கு நன்றியுரையில் பாதி வரி, அதுவும் தட்டச்சுப் பிழையோடு. வழிகாட்டி பந்தைத் தொட்டாரா என்பதற்கு அங்கும் அசைபடம் கிடையாது. மேசையை நோக்கி நடப்பதில் மட்டும் ருக்லிக் நம் பேராசிரியர்களிடம் பாடம் கேட்க வேண்டும்: அவர் பந்தைக் கொடுத்துவிட்டல்லவா நடந்தார்!

ருக்லிக் பின்னாளில் சிகாகோ டிஃபெண்டர் நாளிதழில் எழுதப் போனார் என்பது எம் கருதுகோளுக்கு வலுச்சேர்க்கிறது. எவ்வாறு என்பது அடுத்த கட்டுரையில்.

அதே பட்டியலில் கை ராட்ஜர்ஸ் என்பவர் பெயருக்கு நேரே 20 அசிஸ்ட் காணப்படுகிறது. அவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.